இரைச்சல் குமிழ்

“அப்போ செட்டு நல்லா இருக்கு, இவங்க ரெண்டு பேரும்தான் ரிப்பேருங்கறியா?”

“அப்படிச் சொல்லலண்ணே. செட்டுல ஒரு குறையும் காணோம்னுதான் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே தங்கச்சி?”

“ஒண்ணு இல்ல. என் கண்ணுக்குத் தட்டுப்படலன்னு அர்த்தம். அந்த டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அடிங்க. என் மூஞ்சில இல்ல, வயர்மேல.”

சங்கு அண்ணன் டார்ச்சைத் திருப்பினார். மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, சுக்கான் அறை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு படகு உண்டு. துறையின் அபாயச் சங்கு கெட்டுக் கிடந்த காலத்தில் இவரைத்தான் கூரைமேல் ஏற்றிக் கத்தவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, அந்தப் பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ரகசியம் சொன்னால்கூட நாலு படகு தள்ளி நிற்பவன் தலையாட்டுவான்.

வயர்லெஸ்காரி பலகைக்கு அடியில் தலையை நுழைத்துக் குப்புறப் படுத்திருந்தாள். வெளியே தெரிந்தது கால்கள் மட்டும்தான். துறையில் யார் படகில் பேட்டரி இறங்கினாலும், விளக்கு கண்ணடித்தாலும், வயர்லெஸ் செட்டு கரகரத்தாலும் ஆள் வருவது அவளைத் தேடித்தான். உப்புக் காற்றுக்குச் செம்பு என்றால் கொள்ளைப் பிரியம். பச்சைக் களிம்பு பூத்த முனைகளைச் சுரண்டிச் சுரண்டி அவள் நகக்கண்ணிலும் பச்சை ஏறியிருந்தது. ஊரார் படகு என்றால் குறை சிக்காதபோது “நாளைக்குப் பாக்கலாம்” என்று தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போகலாம். இன்றைக்கு அவள் படுத்துக் கிடந்தது புருஷன் படகில். நாளை மத்தியானம் பஸ்ஸில் அவள் தம்பி கிளம்புகிறான். அதற்குள் குறை சிக்க வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். போன வாரம் மூடுபனி இறங்கிய ஒரு காலையில் புருஷன் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையைத் தாண்டிப் போனான். வலைக் கயிறு புரோப்பெல்லரில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. நீரோட்டம் வலையை இழுக்க, படகும் பாறைப் பக்கமாக இழுபட்டது. வயர்லெஸ்ஸில் கரையைக் கூப்பிட்டான். ஒவ்வொரு படகுக்கும் கரையில் ஒரு ஆள் செட்டுக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது அந்தத் துறையின் முறை. இந்தப் படகுக்குக் கரை ஆள், தம்பி. வீட்டுச் சமையலறை ஜன்னலோரத்தில் கரைச் செட்டு, கூரைமேல் ஏரியல். தம்பிக்குக் கேட்டது. உடனே போன் போட்டுச் சங்கு அண்ணனைக் கிளப்பிவிட்டான். அவரும் போய்க் கட்டி இழுத்து வந்தார். உயிருக்குச் சேதமில்லை.

ஆனால் சங்கு அண்ணன் போய்ச் சேர்வதற்குள் புருஷன் வலையை வெட்டி விட்டுவிட்டான். மூன்று பேரும் மழைக்காலம் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுச் சேர்த்த புது வலை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் வலையும் வந்திருக்கும், படகும் வந்திருக்கும்.

“ஆள் வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் வெட்டறேன்?” என்கிறான் புருஷன். “கத்தறேன், கத்தறேன், செட்டு ஊமையா கிடக்கு. அண்ணனுக்குப் போன் பண்ணிட்டுச் செட்டை அமுத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டான் உன் தம்பி. காலையில போட்ட சண்டைக்குப் பழி.”

“நான் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னேன்” என்கிறான் தம்பி. அவ்வளவுதான்.

காலைச் சண்டையும் ஒன்றும் பெரிய சண்டை இல்லை. “பனி இறங்குது, இன்னிக்கு வேண்டாம் மாமா” என்று இவன் சொல்ல, “ஜன்னலோரம் டீ குடிக்கிறவன் எனக்குக் கடல் காட்டறியா?” என்று அவன் கேட்க, அதோடு சரி.

“அண்ணே, அன்னிக்கு நீங்க உங்க செட்டுல ஒண்ணுமே கேக்கலையா?” என்றாள் பலகைக்கு அடியிலிருந்து.

“எதுல கேக்கறது? என் செட்டைப் பிரிச்சு உன் மேஜைமேல குடலை உருவிப் போட்டுட்டு என்னையே கேக்கறியா! மாசமா கிடக்கு. பனிக்குள்ள வாயால கத்திக் கத்தித்தான் உன் வீட்டுக்காரனைக் கண்டுபிடிச்சேன்.”

“அது ஒரு பார்ட்டு வரணும்ணே.”

“வரட்டும் வரட்டும், எனக்கு வயசாகறதுக்குள்ள வந்தாச் சரி.”

அவள் ஊர்ந்து வெளியே வந்தாள். நெற்றியில் கரி, முழங்கையில் கிரீஸ். மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தாயிற்று. மைக்கை அழுத்தியபடி பார்த்தாயிற்று, அழுத்தினாலும் பேட்டரி துவளவில்லை. ஃபியூஸ் சுத்தம். ஏரியல் வயரை முனையிலிருந்து முனைவரை விரலால் வருடியாயிற்று, எங்கும் நசுங்கல் இல்லை. ஸ்பீக்கர் ஜம்மென்று பேசியது. எந்தச் செட்டைத் தொட்டாலும் முதலில் முகப்பைத் துணியால் துடைத்து, எல்லாக் குமிழ்களையும் அதனதன் இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அவள் ஆரம்பிப்பாள். இதையும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

மைக்கை எடுத்தாள். “கரை, கரை. கேக்குதா?”

“கேக்குது” என்றது தம்பியின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல.

“நல்லாக் கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

“இன்னும் கொஞ்சம் பேசேண்டா.”

“என்ன பேச? உருளைக்கிழங்கு வெந்துடுச்சு. இறக்கி வெச்சிருக்கேன்.”

சங்கு அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். “இதுக்குப் போய் ஒரு செட்டு! இங்கேருந்து உன் வீட்டு ஜன்னல் தெரியுது. நான் ஒரு சத்தம் போட்டா அவன் கிழங்கை இறக்கியிருப்பான்.”

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கருவிகளைப் பையில் போட்டாள். சிரிப்பு பாதியில் நின்றதை அண்ணன் கவனிக்கவில்லை.

*

மத்தியானச் சாப்பாடு சமையலறையிலேயே. வேகவைத்த கிழங்கு, பொரித்த மீன், சோறு. மேஜை சிறியது. மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். ஆறு நாளுக்கு முன்னால்வரை அந்த இடியே ஒரு விளையாட்டாக இருந்தது, “மாப்ள, காலை மடக்குடா, உன் கால் என்ன நங்கூரமா?” என்பான் புருஷன். இப்போது மாப்ளயாக இருந்தவன் ‘உன் தம்பி’ ஆகிவிட்டான். அடுப்புக்கு மேலே பலகையில் கரைச் செட்டு தன்பாட்டுக்குப் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது.

“உன் தம்பியை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.”

“உப்பு உங்க கைக்குக் கிட்டத்தான் இருக்குங்க.”

“கிட்ட இருக்கறதெல்லாம் கிடைச்சிடுதா?”

தம்பி உப்பு ஜாடியைத் தள்ளினான். புருஷன் அதை எடுக்காமல் உப்பில்லாத கிழங்கையே மென்றான். அவளுக்கு எரிச்சலில் சிரிப்பு வந்தது, சிரிப்பில் அழுகை வந்தது, எதை விடுவது எதை விழுங்குவது என்று தெரியவில்லை.

“செட்டுல என்ன குறை?” என்றான் புருஷன்.

“ஒண்ணும் இல்ல.”

“பாத்தியா?”

“என்ன பாத்தியா? செட்டு நல்லா இருந்தா அவன் பொய் சொல்றான்னு ஆயிடுமா? அதே செட்டுதானே நீங்களும் வெச்சிருக்கீங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னும் சொல்லலாமே.”

“நான் எதுக்குடி பொய் சொல்லணும்? என் வலையை நானே வெட்டிட்டு வந்து பொய் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?”

“அவனுக்கு என்ன பைத்தியம்? கூப்பிட்ட மறு நிமிஷம் அண்ணனை அனுப்பியிருக்கான்.”

“அனுப்பினான். யாரு இல்லன்னா? அனுப்பிட்டேன்னு சொல்ல மட்டும் வாய் வரல. நான் பயந்து சாகட்டும்னு செட்டை அணைச்சுட்டான்.”

தம்பி மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் சொன்னான்: “அணைக்கல மாமா. அணைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“என்னடா அப்படின்னா?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லித் தொலையேன்.”

“நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டேதானே நீங்க பேசினீங்க? அப்புறம் என்னத்தைச் சொல்ல?” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான். குழாயடியில் தண்ணீர் சத்தம் தேவைக்குமேல் நேரம் கேட்டது. வாசல் பக்கம் அவனுடைய பை, ஜிப் இழுத்து மூடி, சுவரில் சாய்ந்து நின்றது. அடுத்த ஊரில் ஐஸ் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருக்கிறான்.

வயர்லெஸ்காரி புருஷனைப் பார்த்தாள். “கேட்டுக்கிட்டே பேசினீங்களாமே. என்ன பேசினீங்க?”

“என்னத்தைப் பேசினேன்... ஆபத்துல மாட்டினவன் என்ன பேசுவான்? ஆளை அனுப்புன்னேன்” என்றான். அதைச் சொல்லும்போது உப்பு ஜாடியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான்.

ஒருவன் பதில் சொன்னேன் என்கிறான். ஒருவன் கேட்கவே இல்லை என்கிறான். இருவரையும் அவளுக்குத் தெரியும். புருஷனுக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும், பொய் வராது. தம்பி வீம்பு பிடித்தவன், வஞ்சம் வராது. மனிதர்களை வைத்துப் பார்த்தால் இரண்டு பேரும் உண்மை. அப்படியானால் நடுவில் இருக்கும் பெட்டிதான் ஏதோ செய்கிறது. பெட்டியோ வாயைத் திறந்து “எனக்கு ஒன்றுமில்லை” என்கிறது. சங்கு அண்ணன் சொன்னது மறுபடி காதுக்குள் ஒலித்தது. நான் ஒரு சத்தம் போட்டா அவன் கிழங்கை இறக்கியிருப்பான்.

வாயால் கத்தினாலே கேட்கிற தூரத்தில் வைத்துத்தானே இவ்வளவு நேரம் சோதித்தோம்!

“எந்திரிங்க” என்றாள்.

“இன்னும் சாப்பிட்டு முடிக்கல.”

“உப்பில்லாத கிழங்கு எங்கயும் ஓடிடாது. படகை எடுங்க, முனை தாண்டிப் போயிட்டு வரலாம். தம்பி! செட்டுக்குக் கிட்ட உக்காரு. நான் கூப்பிடக் கூப்பிடப் பதில் சொல்லிட்டே இரு. நிறுத்தாத.”

“எதுக்குக்கா? நான்தான் நாளைக்குப் போறேனே.”

“போறவன் போடா, யாரு பிடிச்சா? போறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சுட்டுப் போ.”

*

தூறல் போட்டது. கடல் மேலே சாம்பல், கீழே சாம்பல், நடுவில் தையல் தெரியவில்லை. துறையை விட்டு வெளியே வந்ததும் காற்று கொஞ்சம் நிமிர்ந்தது. எஞ்சின் ஒரே தாளமாக இருமிக்கொண்டிருந்தது. புருஷன் சுக்கானைப் பிடித்திருந்தான், அவள் செட்டுக்கு எதிரே மீன் கூடையில் உட்கார்ந்து முழங்காலுக்கிடையே மைக்கை வைத்திருந்தாள்.

“கரை, கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

கொஞ்ச தூரம் போய், “கேக்குதா?”

“கேக்குது.”

“பாத்தியா, இதுவரைக்கும் வாய் இருக்கு உன் தம்பிக்கு” என்றான் புருஷன்.

“சும்மா வாங்க.”

“நான் சும்மாத்தான் வர்றேன். நீதான் என்னை எதோ குற்றவாளி மாதிரி ஏத்திட்டு வந்திருக்க.”

“ரெண்டு குற்றவாளி. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. நடுவுல நான்.”

“ஏன், உனக்குச் சந்தேகம் என்மேலதானே?”

“எனக்கு என்மேலயே சந்தேகமா இருக்கு, போதுமா? எதைப் பாத்தாலும் சரியா இருக்கு. சரியா இருக்கறது தப்பா இருக்கு. எனக்கே புரியல.”

அவன் முகத்தில் வழிந்த தூறலைத் துடைத்துவிட்டு, அவள் தோளில் கிடந்த ஈரத் துணியை எடுத்துப் பிழிந்து திரும்பப் போட்டான். கோபத்தில் இருக்கும்போதும் இவனுக்கு இப்படி ஏதாவது செய்ய வந்துவிடும்.

முனை நெருங்கியது. பாறைகளை அலை அறையும் ஓசை முதலில் வந்தது, பிறகு பனி வந்தது. ஒரு வெள்ளைச் சுவர் நடந்து வருவதுபோல வந்து படகை மூடியது. முன்முனைகூடத் தெரியவில்லை. எதிரே எந்தப் படகாவது வந்தால் இடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புருஷன் சுவிட்சைத் தட்டினான். கூரையின் நான்கு பட்டை விளக்குகளும் பளீரென்று எரிந்தன. அவை தம்பி வாங்கி வந்தவை. அவன் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், “மாமா, பழைய குண்டு பல்பை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு? பேட்டரியைக் குடிக்குது” என்று சொல்லி அவனே மாட்டிய எல்ஈடி விளக்குகள். பேட்டரி மிச்சம், வெளிச்சம் இரட்டிப்பு என்று புருஷன் துறை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

விளக்கு எரிந்ததும் செட்டிலிருந்து உஸ்ஸென்று இரைச்சல் கிளம்பியது, எண்ணெயில் ஈரமீன் போட்டதுபோல. புருஷனின் இடது கை சுக்கானை விட்டு நகர்ந்தது, ஒரு குமிழைத் திருகியது, சுக்கானுக்குத் திரும்பியது. இரைச்சல் அடங்கியது.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்போ என்ன பண்ணீங்க?”

“எப்போ?”

“இப்போ. கையால.”

“என் கையா? சுக்கானைப் பிடிச்சிருக்கேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடியும் சுக்கானைத்தான் பிடிச்சிருந்தேன். என்ன ஆச்சு உனக்கு?”

அவனுக்குத் தெரியவே இல்லை. அது அவன் செய்ததில்லை, கை செய்தது. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி. இரைச்சலைக் கேட்டுக்கொண்டே படகு ஓட்ட யாராலும் முடியாது. அதற்காகத்தான் அந்தக் குமிழே வைத்திருக்கிறார்கள். திருப்பினால் இரைச்சலை மட்டும் அடைத்துவிட்டுக் குரலை உள்ளே விடும். அளவுக்குமேல் திருப்பினால் மெலிந்து வரும் குரலையும் சேர்த்து அடைத்துவிடும். பக்கத்தில் இருந்து வரும் குரல் முரட்டுக் குரல், கதவை இடித்துக்கொண்டு வரும். முனைக்குப் பின்னாலிருந்து வருவது நோஞ்சான் குரல்.

மைக்கை எடுத்தாள். “கரை, கரை. கேக்குதா?”

பதில் இல்லை.

“தம்பி, கேக்குதாடா?”

இல்லை. அலை மட்டும்.

“பாத்தியா!” என்றான் புருஷன், எஞ்சினை மீறிய குரலில். “பாத்தியா, பாத்தியா! இப்போ என்ன சொல்ற? எந்திரிச்சுப் போயிட்டான் பார்!”

அவள் எட்டி விளக்குகளை அணைத்தாள். வெள்ளை இருட்டு. “அன்னிக்கும் இந்த விளக்கு எரிஞ்சுதா?”

“பனியில எரியாம? போட்டேன். ஆனா எஞ்சின் நின்னதும் அணைச்சுட்டேனே, பேட்டரி போயிடும்னு. அணைச்ச பிறகுதான் கூப்பிட்டேன்.”

“அணைச்ச பிறகா?”

“ஆமாங்கறேன்.”

அவள் முகம் விழுந்தது. விளக்குதான் என்று ஒரு நொடி பிடித்துவிட்டாள், அந்த நொடியே அது வழுக்கிப் போயிற்று. விளக்கு அணைந்தால் இரைச்சல் இல்லை. இரைச்சல் இல்லையென்றால்... மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. விளக்கும் இல்லை, இரைச்சலும் இல்லை, பதிலும் இல்லை. தம்பி உண்மையிலேயே எழுந்து போய்விட்டானா? முதல்முறையாக அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

பிறகுதான் குமிழைப் பார்த்தாள். விளக்கு அணைந்தாலும் குமிழ் தானாகத் திரும்புமா? கை திருப்பிய இடத்திலேயேதானே நிற்கும்?

மெல்ல, மிக மெல்ல, பின்னோக்கித் திருப்பினாள்.

“...கேக்குதுக்கா, கேக்குது, எத்தனை தடவை சொல்றது, நல்லாக் கேக்குது, நீதான் கேக்காத மாதிரியே கேட்டுட்டு இருக்க. மாமா பக்கத்துல இருக்காரா? இருந்தா அவர்கிட்டயும் சொல்லு, கேக்குதுன்னு. கேக்குதுக்கா, கேக்குது...”

தேய்ந்து, கரகரத்து, ஆனால் விடாமல் வந்துகொண்டே இருந்தது. அவள் முன்னால் திருப்பினாள், குரல் செத்தது. பின்னால் திருப்பினாள், உயிர் வந்தது. புருஷன் எஞ்சினைத் தணித்துவிட்டு அவள் விரலையே பார்த்தான்.

“இது நான் திருப்பினதா?”

“உங்க கை.”

“நீ காலையில பாத்தப்போ?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “காலையில செட்டைத் தொட்டதும் எல்லாக் குமிழையும் பழைய இடத்துல வெச்சேன். அதுதான் குறைன்னு தெரியாமலே குறையைத் துடைச்சுட்டுத்தான் குறையைத் தேடியிருக்கேன். என் கை.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். ஒரு வாரமாகச் சுமந்ததை இறக்கி வைத்த சிரிப்பு. “அப்போ அவன் பொய் சொல்லல! பேசிட்டேதான் இருந்திருக்கான்! அட, பாவிப் பய மாப்ள! நான் பாரு...” சிரிப்பு அப்படியே உறைந்தது. வாய் திறந்தபடி நின்றது.

“என்னங்க?”

“அப்போ நான் பேசினதெல்லாம் அவனுக்கு...”

மைக்கை அவளிடமிருந்து வாங்கினான். அழுத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான்.

“மாப்ள.”

“சொல்லுங்க மாமா.”

“அன்னிக்கு நான்... நீ செட்டை அணைச்சுட்டன்னு நினைச்சு... யாரும் இல்லன்னு நினைச்சு...”

“கேட்டுச்சு மாமா.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

*

திரும்பி வரும் வழியில் அவளிடம் சொன்னான். பாறை ஓசை பக்கத்தில் வந்துவிட்டது, பதில் இல்லை, கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தபிறகும் மைக்கைக் கீழே வைக்க மனம் வரவில்லையாம். பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

“என்ன சொன்னீங்க?”

“உன்னைக் கட்டின நாள்லேருந்து அவனையும் சேத்துச் சுமக்கறேன்னேன். உதவாக்கரைன்னேன். எனக்கு எதாவது ஆயிட்டா என் வாசல்ல அவன் நிக்கக் கூடாதுன்னேன்.”

அவள் மைக்கைக் கொக்கியில் மாட்டினாள்.

“அப்புறம் அவளைப் பாத்துக்கடான்னேன். உன்னை விட்டா அவளுக்கு யார் இருக்கா, பாத்துக்கோடான்னு அழுதேன். அதையும் சொல்லித்தானே ஆகணும்.”

“எது முதல்ல, எது பின்னால?”

“மாறி மாறித்தான். எதுக்கு அப்புறம் எதுன்னு எனக்கு எங்க ஞாபகம்?”

வீட்டில் தம்பி ஜன்னலோரத்தில் அதே நாற்காலியில் இருந்தான். புருஷன் வாசலிலேயே நின்றான், உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. ஈரச் செருப்பைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மறுபடி பிரித்து வைத்தான். “அந்தக் குமிழ்டா மாப்ள. நீ பேசினது ஒண்ணுகூட எனக்கு வரல.”

“அக்கா செட்டுல சொன்னா.”

“நீ பேசப் பேச நான் பதிலுக்குத் திட்டினேன்னு நினைச்சியா?”

“பின்ன எப்படி நினைக்கறது? வலையை விட்டுடாதீங்க, அண்ணன் கிளம்பிட்டார்ங்கறேன். ‘உதவாக்கரை’ன்னு வருது. பயப்படாதீங்க மாமாங்கறேன். ‘என் வாசல்ல நிக்காத’ன்னு வருது. அப்புறம் கரைக்கு வந்து ஒண்ணுமே கேக்கலன்னு சொல்றீங்க. எனக்குப் புத்தி கலங்கிப்போச்சு.”

“அதான் கேக்கலையே! கேட்டிருந்தா அப்படிப் பேசியிருப்பேனா?”

“கேட்டிருந்தா பேசியிருக்க மாட்டீங்க” என்றான் தம்பி. “அது சரிதான்.”

அந்தச் ‘சரிதான்’ என்ன சரிதான் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. புருஷனுக்கும் பிடிபட்ட மாதிரி தெரியவில்லை. அவன் கேட்டான்: “கடைசியில நீ என்ன சொன்ன? நான் அழுதப்போ?”

“அது உங்களுக்குக் கேக்கலல்ல?”

“இல்ல.”

“அப்போ விடுங்க.”

பிறகு குழாயடியில் தம்பி தனியாக இருக்கும்போது அவளும் கேட்டுப் பார்த்தாள். “நீயும் திட்டினியாடா?”

“திட்டாம? நல்லாத் திட்டினேன். அப்புறம் வேற ஒண்ணும் சொன்னேன். ரெண்டும் அவருக்குக் கேக்கல. அது என் அதிர்ஷ்டமா, தலையெழுத்தான்னு யோசிச்சுட்டு இருக்கேன்.” தட்டைக் கவிழ்த்து வைத்தான். “அக்கா, மனுஷன் எதிர்ல ஆள் இருக்கறப்போ பேசறது நிஜமா, இல்லாதப்போ பேசறது நிஜமா?”

“போடா. எனக்கு வயர் மட்டும்தான் தெரியும்.”

மறுநாள் காலையில் அவள் படகுக்குப் போனாள். கூரை விளக்குகளின் வயரைச் செட்டின் வயரிலிருந்து பிரித்து மறுபக்கமாக இழுத்தாள். அதில் கறுப்புக் காந்த வளையம் ஒன்றை மாட்டினாள். இரைச்சல் பாதியானது, முழுக்கப் போகவில்லை. “இந்த விளக்கையே கழட்டிட்டுப் பழைய பல்பை மாட்டிடலாம். அதுதான் சுத்தம்” என்றாள்.

புருஷன் தலையாட்டவில்லை. “வேண்டாம். இருக்கட்டும். அவன் மாட்டினது.”

பழுது பார்த்த திருகுகள் கழலாமல் இருக்க மேலே ஒரு சொட்டு வைப்பதற்காக அவள் பையில் எப்போதும் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் புட்டி கிடக்கும். அதிலிருந்து குமிழின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாள். “இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.”

“சரி.”

“நீங்க சரிங்கறீங்க. உங்க கைகிட்டயும் சொல்லி வைங்க.”

துறை மேட்டிலிருந்து சங்கு அண்ணன், எல்லாருக்கும் கேட்கும்படி, “என்ன தங்கச்சி, சரியாயிடுச்சா?” என்றார்.

“செட்டாண்ணே?”

“பின்ன எதைக் கேக்கறேன்?”

மத்தியானம் பஸ் வந்தது, போயிற்று. தம்பி போகவில்லை. “அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றான், யாரையும் பார்க்காமல். பையையும் பிரிக்கவில்லை. ஜிப் மூடி வாசல் சுவரிலேயே சாய்ந்து நின்றது, வருகிறவர் போகிறவர் காலில் இடறிக்கொண்டு. அவளும் அதை நகர்த்தவில்லை.

பனி விலகிய நாளில் புருஷன் பழைய வலையோடு கடலுக்குப் போனான். அவள் அடுப்படியில் நின்றாள். தம்பி ஜன்னலோரத்தில் நாற்காலியைச் செட்டுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான். முனை தாண்டுகிற நேரம் செட்டு கரகரத்தது.

“மாப்ள, கேக்குதா?”

“கேக்குது மாமா.”

மைக் அழுத்தியபடியே இருந்தது. எஞ்சின் இருமல் தெரிந்தது, காற்று தெரிந்தது, அந்தப் பக்கம் ஒருவன் மூச்சு விடுவது தெரிந்தது. ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி. சொல்லவில்லை. இப்போது கேட்கும் என்று தெரிந்துவிட்டதே.

மைக்கை விட்ட சத்தம் கேட்டது. தம்பி வாசல் பக்கம் திரும்பி அந்தப் பையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள், குறை எங்கே என்று மீட்டர் வைத்துப் பார்க்க முடியாத ஒரு இடத்தில்.

நீங்களே சொல்லுங்கள். அந்தப் பனிக்குள் யாரும் கேட்கவில்லை என்று நினைத்து அவன் பேசினானே, அதில் எதை அவன் சொன்னதாக எடுத்துக்கொள்வீர்கள், ‘வாசல்ல நிக்காத’ என்றதையா, ‘பாத்துக்கோடா’ என்றதையா? நீங்கள் அந்தத் தம்பியாக இருந்தால் அந்தப் பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டிருப்பீர்களா, மாட்டீர்களா?